துரை வாங்கிய கடன் இப்போது வசூலாகுமா?

கேள்வி: எங்கள் முன்னோர் ஒருவர் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்து வரவுசெலவும் பார்ப்பவராக, இருந்தார். அந்தத் துரைக்கு 600 நட்சத்திர வராகன் (அக்காலத் தங்க நாணயம்) கடன் கொடுத்ததற்கு 1814-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. துரை உயில் எழுதாமல் இறந்துவிட்டார், சொத்தை யார் நிர்வகிப்பது என்று தகராறு வந்து சுப்ரீம் கோர்ட் பணத்தைப் பிடித்துவைத்தது, அது இன்னும் லண்டனில் கிடக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். ஃபைல் நம்பரும் காட்டினார். முன்பணம் 45,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பத்திரத்தையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். பழைய பத்திரங்களை விலை கொடுத்து வாங்கிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். சில தரகர்களுக்கு லண்டன் பணம் என்பது வெறும் சாக்கு, கண்ணெல்லாம் உங்கள் காகிதத்தின் மேல்தான்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, தொல்லையே அதுதான். அந்தச் சுப்ரீம் கோர்ட் இன்றைய டெல்லி கோர்ட் அல்ல. 1801-ல் மதராஸில் ஏற்பட்டு, 1862-ல் ஹைகோர்ட் வந்ததும் முடிந்துபோன பழைய நீதிமன்றம். வெள்ளைக்காரர் ஒருவர் உயிலில்லாமல் இறந்தால் நிர்வாக உரிமையை அதுதான் கொடுக்கும். முதலில் உறவினர், உறவினர் இல்லையென்றால் பெரிய கடன்காரர் (இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர்), அவரும் வரவில்லை என்றால் கோர்ட்டின் ரிஜிஸ்திராரே எடுத்துக்கொள்வார். உறவினர்களோ கடல்கடந்து இருப்பார்கள். சாவுச் செய்தி இங்கிலாந்து போய்ப் பதில் வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் கடன்காரரும் ரிஜிஸ்திராரும் மோதிக்கொள்வார்கள். நிர்வாகம் யார் கைக்குப் போகிறதோ அவருக்குத்தான் கமிஷன், அவரிடம்தான் ரொக்கமும் இருக்கும். தகராறு என்று தரகர் சொல்வது இதைத்தான்.

சரி, கோர்ட் ஆள் கைக்குப் போன பணம் பத்திரமாக இருந்ததா? கல்கத்தாவில் இருந்த இதே மாதிரிச் சுப்ரீம் கோர்ட்டில் ரிஜிஸ்திராராக இருந்த சர் தாமஸ் டர்ட்டன் பெரிய இடத்து மனிதர், பரம்பரை பட்டம் உள்ளவர். இறந்தவர்களின் பணத்தைத் தன் சொந்த விவகாரங்களுக்குத் திருப்பி 1848-ல் திவாலானார். விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய பணம் போயே போய்விட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1849-ல் சட்டம் போட்டு, இப்படிப்பட்ட சொத்துகளை நிர்வகிக்க அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் என்ற பதவியை உண்டாக்கினார்கள். வேலியே பயிரை மேய்ந்த பிறகு வேறு வேலி! இந்தக் கதையெல்லாம் தெரிந்தவர்கள், பணம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று வாய் கூசாமல் எப்படிச் சொல்கிறார்களோ.

தரகர்கள் உதாரணம் காட்டும் வழக்கு ஒன்று உண்டு, உங்களிடமும் சொல்லியிருப்பார். கிளாட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர், 1760-ல் ஆங்கிலேயர் பக்கம் தாவி, கம்பெனிப் படையில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். லக்னோவில் நவாபின் ஆயுதச் சாலையையும் கவனித்துப் பெரும் பணக்காரராகி 1800-ல் இறந்தார். அவர் உயில் எழுதியிருந்தார். லக்னோ, கல்கத்தா, பிறந்த ஊரான லியோன் மூன்றிலும் பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லியிருந்தார். ஆனாலும் வழக்கு வழக்காக இழுத்தது. அந்நியர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற இங்கிலாந்துச் சட்டம் கல்கத்தாவில் செல்லுமா என்ற கேள்வி அன்றைய கடைசி அப்பீல் இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், செல்லாது என்று 1836-ல் தீர்ப்பானது. கல்கத்தாப் பள்ளி திறந்தது 1836-ல், லக்னோ பள்ளி 1845-ல். உயில் எழுதி, கோடீஸ்வரராக இறந்தவரின் விருப்பம் நிறைவேறவே 45 வருஷம்!

பார், எத்தனை வருஷம் ஆனாலும் பணம் வந்ததே என்பார் தரகர். வந்தது அறக்கட்டளைக்கு. கடன்காரரின் வாரிசுக்கு அல்ல.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலிடம் 12 ஆண்டு யாரும் கேட்காமல் கிடக்கும் பணம் அரசுக் கணக்குக்குப் போய்விடும். அதன் பிறகும் உரிமையை நிரூபித்தால் திருப்பித் தர 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் தரகர் கூட்டம் பிழைக்கிறது. நிரூபிப்பது என்றால் என்ன? குறிப்பிட்ட அந்த எஸ்டேட்டின் பெயரில் அரசுக் கணக்கில் தொகை ஏறியிருக்க வேண்டும். அதிலிருந்து உங்கள் முன்னோருக்கு இவ்வளவு பாக்கி என்று இருக்க வேண்டும். அவரிலிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் வாரிசு ஆவணம் வேண்டும். தாத்தா இறந்ததற்கே வாரிசுச் சான்றிதழ் வாங்க நடையாய் நடக்க வைக்கிறார்கள். ஏழு தலைமுறைக்கு வாங்கித் தருகிறேன் என்பவர் போலிச் சான்றிதழ் தருவார், மாட்டிக்கொள்வது நீங்கள். இவ்வளவும் தாண்டினால்கூட, சட்டம் பேசுவது மூலத்தொகையைப் பற்றித்தான். தரகர் 600 வராகனை இன்றைய தங்க விலையில் பெருக்கிக் காட்டியிருப்பார். 1818-ல் மதராஸில் வராகனை ஒழித்து ரூபாய்க்கு மாற்றியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு. ஆக உங்கள் 600 வராகன் 2,100 ரூபாய். அதற்கு முன்பணம் 45,000! கடன் வசூலுக்குக் கெடுவும் உண்டு, அது உங்கள் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்பே முடிந்திருக்கும். லண்டனிலும் இதே கதைதான். வாரிசில்லாச் சொத்தை அரசிடம் கேட்க அங்கே அதிகபட்சம் 30 ஆண்டு.

ஃபைல் நம்பர் என்று அவர் காட்டியது பெரும்பாலும் பிரிட்டிஷ் நூலகத்தின் அட்டவணை எண்ணாக இருக்கும். மதராஸ், வங்காளம், பம்பாயில் இறந்த வெள்ளைக்காரர்களின் உயில்கள், சொத்துப் பட்டியல்கள், கணக்குகள் எல்லாம் அங்கே தொகுதி தொகுதியாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண் இருந்தால் காகிதம் இருக்கிறது என்று அர்த்தம், பணம் இருக்கிறது என்று அல்ல.

ஆனால் அந்தக் காகிதம் பார்க்கத் தக்கதுதான். பல்லக்கு, மதேரா ஒயின் புட்டி, கட்டில், குதிரைச் சேணம் என்று ஒவ்வொன்றும் பட்டியலில் வரும். ஏலக் கணக்கில் எதை யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று இருக்கும், வேலைக்காரர் சம்பள பாக்கி கூட இருக்கும். விலை போகாதது மட்டும் காணாமல் போகும். தமிழ் ஆராய்ந்த கம்பெனி அதிகாரி, நம் எல்லீஸ் துரை 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்தபோது மற்ற உடைமைகள் ஏலம் போயின. கேட்பாரற்றுக் கிடந்த அவர் தமிழ் ஆராய்ச்சிக் காகிதங்கள் மதுரையில் ஒரு சமையற்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் பயன்பட்டதாக பின்னாளில் மதராஸில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார்.

கடன்காரர் பட்டியலில் உங்கள் முன்னோர் பெயர் இருக்கிறதா, ரூபாய்க்கு எத்தனை அணா கொடுத்தார்கள் (அதாவது கடனில் எவ்வளவு பங்கு திரும்பி வந்தது) என்று அந்தக் கணக்கில் தேடலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் ஒருமுறை கேளுங்கள். முதல் நாளே கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள், பெயர்களை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள். அதற்கு முன் பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பகுதித் தொகை கொடுத்தால் அங்கேயே தேதியோடு குறித்துக் கையெழுத்திடுவது வழக்கம். மங்கலாக இரண்டு வரி இருந்தால் பாக்கியில் ஒரு பகுதி அப்போதே வந்துவிட்டது என்று பொருள். இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.