மூக்கில் ஒட்டிய சேறு

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு கோடியக்கரை போனோம். தூர தேசத்துப் பறவைகளைப் பார்க்கலாம் என்றார்கள். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை நடந்து சுற்றியும் எல்லாம் தொலைவில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. தவறு எங்கள் பக்கமா, பறவைகள் பக்கமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடிகாரத்தின் பக்கம், அம்மா. பதினொரு மணிக்குச் சதுப்பில் கானல் கிளம்பிவிடும். எவ்வளவு நல்ல பைனாகுலர் என்றாலும் பறவை நெளிந்துகொண்டேதான் தெரியும். நான் முதல் நாளே வேதாரண்யத்தில் தங்கிவிடுவேன். ஐந்தரைக்கு டீக்கடை, விடிந்ததும் இரண்டு மணி நேரம் பறவை, அப்புறம் இட்லி.

அடுத்தது தண்ணீர். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் சதுப்பு நிரம்பிக் கிடக்கும். பூநாரைக்குக் கவலையில்லை, அதற்கு உடம்பே முக்கால்வாசி கால்தான். கொசு உள்ளானோ சிட்டுக்குருவி அளவு. விரற்கடை ஆழம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மேயும். அப்படிப்பட்ட ஆண்டில் உப்பளப் பக்கம் போய்ப் பாருங்கள். உப்பளக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்பில் நில்லுங்கள். பாத்தியில் கால் வைத்தால் அவர் திட்டுவது நியாயம்தான்.

அரிய பறவை என்றால் எனக்குக் கரண்டிமூக்கு உள்ளான்தான். ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிடுவது. உலகிலேயே சில நூறுதான் மிச்சம். 1980-களில் கோடியக்கரையில் அதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆசை என்னை விடுவதாயில்லை. ஒரு தை மாதக் காலையில், கொசு உள்ளான் கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் மூக்கு நுனி தட்டையாக அகன்று தெரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது தலையை ஓர் உதறு உதறியது. மூக்கிலிருந்து சேற்றுக் கட்டி விழுந்தது. சாதாரணக் கொசு உள்ளான்! கூட வந்த நண்பர் சிரித்த சிரிப்பில் கூட்டமே எழும்பிப் போய்விட்டது.

இன்னொரு முறை போனால் நடக்காதீர்கள். வெயில் முதுகில் படுகிற மாதிரி ஓரிடத்தில் உட்காருங்கள். அரை மணி பொறுத்தால் அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். பிள்ளைகளுக்கு அலுத்தால் வெளிமான்கள் இருக்கவே இருக்கின்றன. தை தவறினாலும் பரவாயில்லை. பங்குனிக் கடைசியில் போனால், வளைமூக்கு உள்ளானுக்கு வயிறு செங்கல் நிறமாக மாறத் தொடங்கியிருக்கும். ஊருக்குக் கிளம்பப் புதுச்சட்டை போடுகிறது.