இறக்குமதி விலையை அரசாங்கம் யாரிடம் கேட்கிறது?

கேள்வி இதுதான்: "இறக்குமதி விலைகள் குறைந்திருப்பதாகச் செய்தியில் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கடைகளில் பருப்பும் சீனியும் அதே விலைதான். அரசாங்கம் இந்த விலையை யாரிடம் கேட்டு எழுதுகிறது, எழுதி என்ன செய்கிறது?"

யாரிடமும் கேட்பதில்லை. இறக்குமதிக்காரர் வரி கட்டுவதற்காகச் சுங்கத்தில் கொடுக்கும் பிரகடனத்திலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பிரகடனங்களை எட்டு வருடம் நிரப்பியவன் நான். கொழும்பு புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக்காரரிடம் கிளாக் வேலை. இப்போது இணுவிலில் தோட்டத்தோடு இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் சொல்கிறேன்.

பிரகடனத்தில் பொருளின் குறியீடு, எந்த நாட்டிலிருந்து வருகிறது, நிகர நிறை, எண்ணிக்கை, இன்வொய்ஸ் பெறுமதி, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் இருக்கும். குறியீடு உலகச் சுங்க அமைப்பு 1988 முதல் நடைமுறைப்படுத்தியது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்ளும். இலங்கையில் எட்டு இலக்கம். இதில் எங்கள் ஊராருக்குச் சுவாரசியமான ஒன்று: 070310 என்ற ஆறு இலக்கத்துக்குள் பம்பாய் வெங்காயமும் (பெரிய வெங்காயம்) எங்கள் சின்ன வெங்காயமும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. உலகக் கணக்கில் இரண்டும் ஒரே சாமான். எட்டு இலக்கத்துக்கு வந்தால்தான் இங்கே பிரிகின்றன. சின்ன வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் எங்கள் பெரியப்பா வழக்குப் போட்டிருப்பார்.

பிரகடனங்கள் கணினியில் ஏறியதும் ஒரு மாதத்தில் ஒரு குறியீட்டின் கீழ் வந்த மொத்தப் பெறுமதியை மொத்த நிறையால் வகுப்பார்கள். வருவதற்குப் பெயர் அலகுப் பெறுமதி. இப்படிப்பட்ட அலகுப் பெறுமதிகளைச் சேர்த்து மத்திய வங்கி 2010ஐ 100 என்று வைத்து மாதாமாதம் சுட்டெண் வெளியிட்டு வந்திருக்கிறது. செய்தியில் நீங்கள் கேட்பது அநேகமாக இதைத்தான். இது கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த துறைமுக விலை. இறக்குமதி வரி, லொறிக் கூலி, புறக்கோட்டை மொத்த வியாபாரியின் இலாபம், சுன்னாகத்துக் கடைக்காரரின் இலாபம் எதுவும் இதில் கிடையாது. கடைவிலை வேறு கணக்கு. அதைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சந்தைகளில் போய் எடுக்கிறது.

அலகுப் பெறுமதி உண்மையில் விலையே இல்லை, சராசரி. பேரீச்சம்பழத்தை எடுங்கள் (எண்கள் நான் சும்மா போடுபவை). ஒரு மாதம் கிலோ 1 டொலர் பழம் 80 தொன், 2 டொலர் பழம் 20 தொன் வருகிறது. சராசரி 1.20 டொலர். அடுத்த மாதம் நோன்பு. நல்ல பழம் 80 தொன், மலிவுப் பழம் 20 தொன். சராசரி 1.80. ஒரு வியாபாரியும் ஒரு சதம்கூட விலை கூட்டவில்லை, ஆனால் கணக்கில் 50 சதவீதம் ஏறிவிட்டது! ஒரே தரமாகத் தொன் கணக்கில் வரும் சீனிக்கும் கோதுமைக்கும் இந்தத் தொல்லை குறைவு. துணி, இயந்திரம், மின்சாரச் சாமான்களில் சுட்டெண் ஆடினால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் வேறு முறை. அங்கே தொழிலாளர் புள்ளிவிபர அலுவலகம் இறக்குமதி நிறுவனங்களைத் தெரிவு செய்து, அதே பொருள், அதே தரம், அதே நிபந்தனை, இந்த மாதம் என்ன விலை என்று மாதாமாதம் கேட்கிறது. பதில் சொல்வது கட்டாயமில்லை, சொன்னதை வெளியே விடமாட்டார்கள். சரியான முறை அதுதான், ஆனால் செலவு கூட. சுங்கக் கடுதாசி எப்படியும் கைக்கு வருகிறது, காசும் இல்லை.

அந்தக் கடுதாசியில் போடும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? வரியைப் பொறுத்தது. ஒருமுறை 500 டசின் சைக்கிள் டயரை 500 டயர் என்று பதிந்துவிட்டேன். பெறுமதி சரியாக இருந்தது, அதனால் வரியும் சரி. எண்ணிக்கையை நானும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு டயரின் விலை பன்னிரண்டு மடங்காகிவிட்டது. சரக்கைப் பார்த்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "மல்லி (சிங்களத்தில் தம்பி), இது சைக்கிள் டயரா, ஏரோப்பிளேன் டயரா?" என்று கேட்டார். திருத்தினேன். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த மாதம் இலங்கையில் சைக்கிள் டயருக்குத் தங்க விலைதான்.

அன்றைக்குப் பிடிபட்டது இதுதான்: எந்த எண்ணில் வரி தொங்குகிறதோ அந்த எண்ணில்தான் எல்லாருக்கும் கண். பெறுமதியில் இத்தனை சதவீதம் என்று வரி இருந்தால் பெறுமதியைக் குறைத்துக் காட்ட ஆசை வரும். கிலோவுக்கு இத்தனை ரூபா என்றால் பெறுமதியைக் குறைத்து ஒரு பயனும் இல்லை, ஆசை நிறைக்குத் தாவும். பம்பாய் வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் கிலோவுக்கு ரூபாக் கணக்கில் அறவிட்டு வந்தார்கள். ஆகவே வெங்காயத்தின் இறக்குமதி விலையை நான் ஓரளவு நம்புவேன். மின்விசிறியின் விலையை நம்பமாட்டேன்.

எழுதி என்ன செய்கிறார்கள் என்றால், முதல் பயன் சுங்கத்துக்கே. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி உண்மையில் கொடுத்த விலையைத்தான் ஏற்க வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் விளக்கம் கேட்கலாம், திருப்தியில்லை என்றால் அதே சாமான் அல்லது அதைப் போன்ற சாமான் அண்மையில் என்ன விலைக்கு வந்தது என்று பார்த்து மதிப்பிடலாம். பழைய பிரகடனங்கள்தான் அவர்களுக்குத் தராசு. அப்புறம் வர்த்தக மாற்று விகிதம்: தேயிலையும் உடுப்பும் விற்ற விலையை, எண்ணெயும் மருந்தும் வாங்கிய விலையோடு வைத்துப் பார்ப்பது. வரவுசெலவுத் திட்டத்தில் வரி வருமானத்தை மதிப்பிடவும், பணவீக்கம் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்கவும் இதே எண்கள்.

எங்களுக்கு உறைக்கும் பயன் மற்றது. இந்திய வெங்காயம் துறைமுகத்தில் என்ன விலை, எங்கள் தோட்டத்தில் கிலோவுக்கு என்ன செலவு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வரி வைத்தால் தோட்டக்காரன் பிழைப்பான், வாங்குபவர் கத்தமாட்டார் என்று பார்த்துத்தான் அறவீட்டைக் கூட்டிக் குறைப்பார்கள். 1970 தொடக்கம் 77 வரை சிறிமாவின் ஆட்சியில் இந்தக் கணக்குக்கே இடமிருக்கவில்லை. மிளகாய், வெங்காயம், கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். வலிகாமத்தில் மண்வீடுகள் கல்வீடானதைப் பெரியப்பா இன்றைக்கும் சொல்வார். 77இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும் கதை மாறியது. இப்போது மாசி, பங்குனியில் எங்கள் கிழங்கு வெளியே வரும் நேரம் அறவீடு எவ்வளவு என்பதுதான் விதைக்கிழங்குக் கடன் அடையுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அறவீட்டை மாற்றும் வர்த்தமானி பிந்தி வந்தால் கப்பல் முந்திவிடும். என் அபிப்பிராயம், அறவீட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் எந்தத் துறைமுக விலையைப் பார்த்து மாற்றினார்கள் என்பதையும் அதோடு சேர்த்து அச்சடிக்க வேண்டும்.

விலை மேலே இருந்தே தீர்மானிக்கப்படுவதும் உண்டு. 2023 ஒக்டோபர் கடைசியில் இந்தியா வெங்காயத்துக்குத் தொன்னுக்கு 800 டொலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வைத்தது. டிசம்பரில் ஏற்றுமதியையே நிறுத்தியது. 2024 மே மாதம்தான் 550 டொலர் விலையும் 40 சதவீத வரியுமாகத் திறந்தது. இப்படியான காலத்தில் எங்கள் சுங்கம் பதிவது டில்லி போட்ட விலை, சந்தை விலை அல்ல.

சரி, கடையில் ஏன் குறையவில்லை? சுட்டெண் டொலரில் இருக்கிறதா, ரூபாவிலா என்று முதலில் பாருங்கள். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. 1 டொலர் பருப்பு 90 சதமாகக் குறைந்திருந்தாலும் ரூபாவில் 200 என்பது 324 ஆகும். இரண்டாவது, கடைக்காரர் விற்பது போன மாதத்துச் சரக்கு. ஏறும்போது மட்டும் இது நினைவுக்கு வராது என்பது வேறு விஷயம்.

கணக்கிலேயே ஏறாததும் இருக்கிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் மூட்டைகள் இரவில் மன்னார்க் கரையிலும் எங்கள் பக்கமும் இறங்கின. பிடிபட்டது செய்தி, பிடிபடாதது குழம்பு. இரண்டுக்கும் அலகுப் பெறுமதி இல்லை.

மத்திய வங்கியின் அறிக்கை அநேகமாக அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். பெரியப்பா அதுவரை பொறுப்பதில்லை. விடிய நாலு மணிக்கு மருதனார்மடச் சந்தை வாசலில் தம்புள்ளையிலிருந்து வந்த லொறிச் சாரதியை மறித்து, "தம்பி, பம்பாய் என்ன போகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் மூட்டையை இறக்குகிறார்.