புறா, கொசு, சிப்பித் தூசி: இருமலுக்குப் பின்னால் இருப்பவை

காசநோயும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. ஆனாலும் இரண்டு நுரையீரலிலும் பரவலாக அழற்சி. இதைப் பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒரு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்.

டாக்டர், வாப்பாவுக்கு 62 வயது. ஆறு மாதமாக வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. சி.டி. ஸ்கேனில் இரண்டு பக்கமும் மூட்டமாகத் தெரிகிறதாம். மொட்டை மாடியில் நாற்பது புறா வளர்க்கிறார். (கீழக்கரை)

நீங்கள் கடைசியாகச் சொன்ன புறாவைத்தான் நான் முதலில் விசாரித்திருப்பேன். புறா எச்சத்திலும் இறகில் படியும் வெள்ளைப் பொடியிலும் உள்ள புரதம் காற்றில் கலக்கிறது. அதைப் பல வருடம் சுவாசிப்பவர்களில் சிலருக்கு மட்டும் உடல் அதை எதிர்க்கத் தொடங்கி, நுரையீரலின் காற்றறைகள் வரை அழற்சி பரவும். இது மிகையுணர்வு நுரையீரல் அழற்சி. வீட்டில் மற்றவர்கள் நன்றாக இருப்பதால் யாரும் புறாவைச் சந்தேகிப்பதில்லை.

இது அபூர்வம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 2017இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரில் சுமார் 47 சதவீதம் பேருக்கு இந்த வகைதான். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். தண்ணீர் மாற்றாத கூலரில் பூஞ்சை வளரும், கவனம்.

ஸ்டீராய்டு கொடுத்தால் இருமல் தணியலாம். ஆனால் புறா மாடியில் இருக்கும்வரை நோய் திரும்பும். நாளானால் நுரையீரல் தழும்பேறிவிடும், அதை மாற்ற முடியாது. பிள்ளை மாதிரி வளர்த்ததைக் கொடுத்துவிடச் சொல்வது எனக்கும் கஷ்டம்தான். இருந்தாலும் சொல்கிறேன், கொடுத்துவிடுங்கள். கூட்டை வாப்பா சுத்தம் செய்ய வேண்டாம். வேறொருவர் முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்துக் கழுவட்டும்.

எனக்கு 24 வயது சார். இரவு இரண்டு, மூன்று மணிக்கு இருமி எழுகிறேன். இன்ஹேலர் கேட்கவில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் 4,800. (மண்டபம்)

தம்பி, ஈசினோஃபில் என்ற ரத்த வெள்ளையணு இவ்வளவு கூடியிருந்தால் யானைக்கால் புழுவைச் சந்தேகிக்க வேண்டும். கால் வீங்காமலே, கொசு பரப்பிய புழுவின் குஞ்சுகளை நுரையீரல் எதிர்க்கும்போது இப்படி வரும். ரத்தத்தில் புழுக்குஞ்சு பெரும்பாலும் தென்படாது. காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ தவறாக எடுத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. 1940இலேயே மதனப்பள்ளி சானடோரியத்து மருத்துவர்கள் இதைக் காசநோய் போன்ற ஒரு நிலை என்று எழுதி வைத்தார்கள். குடல்புழு இல்லையா என்று மலப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உறுதியானால் டைஎத்தில்கார்பமசின் மாத்திரை, வழக்கமாக மூன்று வாரம். பாதியில் நிறுத்தாதீர்கள்.

பேரனைக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடலாமா? (தொண்டி)

வேண்டாம் அம்மா. எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கும். அதனாலும் நிமோனியா வரும்.

அம்மா முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார். இப்போது வறட்டு இருமல். (தேவிபட்டினம்)

அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் இன்றே. அந்த மருந்தும் நுரையீரலைத் தாக்கலாம், முடக்குவாதமும் தாக்கலாம்.

சிப்பி அறுத்து மெருகு போடுகிறேன். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதுமா? (ராமேஸ்வரம்)

போதாது. நனைத்து அறுங்கள், என்95 கவசம் போடுங்கள். சிப்பித் தூசியில் உள்ள புரதமும் புறாப் பொடி மாதிரியே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வேலையில்லாத நாட்களில் இருமல் குறைகிறதா என்று ஒரு மாதம் குறித்து வைத்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.