வாசகர் கேள்வி – பதில்: கபோராவின் தெரேசாவோடு நான்கு கூட்டங்கள்

வாசகர் வட்டங்களுக்கு ஏற்ற வரலாற்று நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, மெக்சிகோவின் நாட்டு வைத்தியச்சி தெரேசா உர்ரேயாவைப் பற்றி லூயிஸ் ஆல்பெர்த்தோ உர்ரேயா எழுதிய 'தி ஹம்மிங்பேர்ட்ஸ் டாட்டர்' என்ற ஆங்கில நாவலையும் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

எங்கள் வட்டத்தில் பத்துப் பேர். புத்தகமோ ஏறக்குறைய 500 பக்கம். எத்தனை கூட்டத்தில் முடிக்கலாம்? – வாசகி, திருச்சி

நான்கு கூட்டம் வையுங்கள். பக்க எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டாம். கெட்டி அட்டை, சாதா அட்டை, கிண்டில் மூன்றிலும் எண் வேறு வேறாக இருக்கும். "212ஆம் பக்கம் பாருங்க" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் ஐந்து நிமிடம் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அத்தியாயத் தலைப்பைச் சொல்லிப் பிரியுங்கள். எங்கே வெட்டுவது என்பதை வரலாறே காட்டுகிறது. 1873இல் சினலோவா மாநிலத்து ஒக்கொரோனியில் பிறப்பு. 1880இல் குடும்பம் சொனோராவின் கபோரா பண்ணைக்கு இடம்பெயர்வது. 1889இல் அசைவற்றுக் கிடந்து மீண்டு எழுவது. கூட்டம் கூட்டமாக நோயாளிகள் வருவதும் 1892இன் நாடுகடத்தலும்.

ஆட்கள் கழன்றுகொள்வது பெரும்பாலும் முதல் கால்பகுதியில்தான். கதை மெதுவாகப் போவதைவிட, பெயர்கள் மொய்ப்பதுதான் காரணம். முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு முழுத்தாளில் இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஆட்கள்: பண்ணையார் தோமாஸ் உர்ரேயா, 14 வயதில் தெரேசாவைப் பெற்ற தெவேக்கோ பழங்குடிப் பெண் கயேத்தானா, வைத்தியம் கற்றுத் தரும் கிழவி வீலா, பொறியாளர் லவுரோ அகிர்ரே. மறுபக்கம் கையால் வரைந்த வரைபடம்: ஒக்கொரோனி, ஆலமோஸ், கபோரா, நவோஹோவா, மலைமேல் தோமோச்சிக், எல்லையில் நொகாலெஸ். அளவு சரியாக இல்லாவிட்டாலும் திசை சரியாக இருக்கட்டும்.

கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு முடிவைச் சொல்லிவிடுகிறவர் எல்லா வட்டத்திலும் ஒருவர் உண்டு. அவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: இந்த நாவல் நாடுகடத்தலோடு நின்றுவிடுகிறது. அமெரிக்க வாழ்க்கை அடுத்த நாவலில்தான் வருகிறது.

ஸ்பானியப் பெயர்களை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம். எது சரி? – வாசகர், காரைக்குடி

ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் எழுதிப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும். ஸ்பானிய 'டி' (T) நம் தகரம்தான்: தெரேசா, தோமாஸ். டெரசாவும் இல்லை, டோமஸும் இல்லை. வைத்தியச்சியைக் குறிக்கும் சொல்லை ஆங்கில வழியில் 'கியூரண்டெரா' என்று வாசிக்கிறார்கள். 'குரந்தேரா' என்று எழுதினால் நம் 'ந்த' அந்த ஒலியை அப்படியே தருகிறது. முதலில் வரும் 'எச்' ஒலிக்காது, ஆகவே பண்ணை 'அசியெந்தா'. 'ஜே' என்பது ஹகர ஒலி. அலைவரி போட்ட 'என்' நம் ஞகரம். மக்கள் தெரேசாவை 'நிஞா தெ கபோரா', அதாவது கபோராவின் சிறுமி என்று அழைத்தார்கள்.

நாவலில் எவ்வளவு உண்மை? – வாசகி, மதுரை

எலும்புக்கூடு முழுக்க உண்மை. ஞானஸ்நானப் பெயர் நிஞா கார்சியா நோஞா மரியா ரெபேக்கா சாவேஸ்; தெரேசா என்பது பின்னால் வந்தது. 1889 மயக்கத்துக்குப் பிறகு மண்ணை எச்சிலில் குழைத்துப் பூசி வைத்தியம் செய்தது, மாயோ, யாக்கி பழங்குடிகள் புனிதையாகக் கொண்டாடியது, திருச்சபை கடைசிவரை அவரைப் புனிதையாக ஏற்காதது, எல்லாம் பதிவில் இருக்கின்றன. தோமோச்சிக் ஊரார் அவர் பெயரைச் சொல்லி அரசை எதிர்த்து நின்றார்கள். 1892 அக்டோபரில் ராணுவம் அந்த ஊரையே அழித்தது. அதற்கு முன் மே மாதத்தில் மாயோ மக்கள் நவோஹோவாவைத் தாக்கினார்கள். அதை ஒட்டித்தான் மெக்சிகோ அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் அரசு 18 வயதுப் பெண்ணையும் அவள் தகப்பனையும் எல்லைக்கு அப்பால் அனுப்பியது. தெரேசா இறந்தது 1906 ஜனவரியில், அரிசோனாவின் கிளிஃப்டனில், வயது 32.

உரையாடல்கள், கனவுகள், வீலாவின் சுருட்டு வாசம் எல்லாம் நாவலாசிரியர் ஏற்றிய சதை. ஒன்றைக் கவனியுங்கள். எழுதியவர் அதே உர்ரேயா குடும்பத்து வழி வந்தவர். பண்ணையார் தோமாஸ் மேல் விழும் அந்தக் கனிவான வெளிச்சத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். 14 வயதுப் பழங்குடிப் பெண்ணைத் தாயாக்கிய முதலாளி அவர். இந்த இடத்தில் நாவல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகிறது என்பது எங்கள் எண்ணம்; முதல் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடுங்கள்.

மெக்சிகோ வைத்தியச்சிகள் முட்டையால் தடவி எடுப்பது நம் ஊர் திருஷ்டி கழிப்பதேதானே? – வாசகி, நாகர்கோவில்

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அடிப்படை வேறு. அங்கே 'மால் தெ ஓஹோ' எனும் கண்ணேறுக்குப் பொறாமை கட்டாயமில்லை. குழந்தையை ஆசையாகப் பார்த்துவிட்டுத் தொடாமல் போனாலே பட்டுவிடும் என்பது நம்பிக்கை. அதனால் முதல் பரிகாரம், பார்த்தவரே வந்து குழந்தையைத் தொடுவது. யார் கண் என்று தெரியாதபோதுதான் முட்டை.

உடைக்காத பச்சை முட்டையைத் தலையிலிருந்து கால்வரை சிலுவைக் குறியிட்டபடி உருட்டுவார்கள். உடன் கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணம் சொல்வதுண்டு. பிறகு கண்ணாடித் தம்ளர் நீரில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவைச் சுற்றி எழும் வெள்ளை இழைகளைப் படிப்பார்கள். சில வீடுகளில் அந்தத் தம்ளரை இரவு முழுக்கக் கட்டிலடியில் வைப்பார்கள். கூட்டத்தில் செய்து பார்க்க நினைத்தால் இரண்டு முட்டை எடுங்கள், ஒன்று அன்று இட்டது, மற்றது இரண்டு வாரம் பழையது. புதியதில் வெள்ளைக்கரு கெட்டியாக ஒட்டி நிற்கும். பழையதில் நீர்த்துப்போய் மேகம்போலப் பரவும். ஒரே 'நோயாளி'க்கு இரண்டு 'பலன்' வருவதைப் பார்த்தபின் பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்.

நாவலில் வரும் மூலிகைகளை வீட்டில் முயலலாமா? – வாசகர், ஈரோடு

சீமைச் சாமந்தித் தேநீரும் புதினாக் கஷாயமும் குடித்துக்கொள்ளுங்கள், பாதகமில்லை. மற்றவை வேண்டாம். அங்கே 'ரூதா' என்பது நம் சதாப்பு இலை இனம்தான். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஸ்பானியர்கள் கொண்டுபோன செடி. கர்ப்பிணிகள் அதை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். சொனோராப் பாலைவனத்துப் புதரான 'கொபெர்னதோரா' ஈரலைக் கெடுத்ததால் 1992இலேயே அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது.

இதைவிட மோசமானவை செடியே அல்லாத இரண்டு பொடிகள். 'எம்பாச்சோ' எனும் குழந்தைகளின் வயிற்றுக்கட்டுக்கு மெக்சிகோவில் 'கிரேத்தா' என்ற மஞ்சள் பொடியும் 'அசார்க்கோன்' என்ற ஆரஞ்சுப் பொடியும் கொடுப்பதுண்டு. இரண்டும் ஈய ஆக்சைடுகள். நம் நாட்டு மருந்துக் கடை மிருதார்சிங்கியும் அதே வகைதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஈயநஞ்சு ஏறிய பிறகே அவை வெளிச்சத்துக்கு வந்தன.

'உச்சிக்குழி விழுதல்' இன்னொன்று. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டுவார்கள். உச்சிக்குழி உள்வாங்குவது பெரும்பாலும் பேதியால் உடலில் நீர் வற்றியதன் அடையாளம். குழந்தைக்குத் தேவை உப்பு–சர்க்கரைக் கரைசலும் உடனே டாக்டரும். பழைய வைத்தியச்சிகள் அறிகுறியைச் சரியாகக் கண்டார்கள், காரணத்தில்தான் தவறினார்கள். கூட்டத்தில் பேச இது நல்ல இடம்.

ஒவ்வொரு முறையும் "அற்புதம் நடந்ததா, இல்லையா" என்ற சண்டையிலேயே நேரம் போய்விடுகிறது. – வாசகர், சேலம்

அந்தக் கேள்விக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, கடிகாரம் பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு கேள்வியை மாற்றுங்கள்: துப்பாக்கி தொடாத ஒரு பெண்ணைக் கண்டு அரசு ஏன் பயந்தது? அப்போது நிலத்தைப் பேச வேண்டிவரும். யாக்கி, மாயோ மக்களின் ஆற்றோர நிலங்கள் கைமாறிய காலம் அது; பிறகு யாக்கிகளைப் பிடித்து நாட்டின் மறுகோடியிலிருக்கும் யுகதானின் கற்றாழைநார்த் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 'நிலம் கடவுளுடையது' என்று ஒரு புனிதை சொன்னால் அந்தச் சூழலில் அது பத்திரப் பதிவுக்கே எதிரான பேச்சு. இதையொட்டிய ஒரு பக்கத்தை யாராவது உரக்க வாசிக்கட்டும். கருத்து சொல்வது அதன்பின்.

கடைசிக் கூட்டத்துக்கு மெக்சிகோ பண்டம் ஏதாவது? – வாசகி, கோவை

அத்தோலே வையுங்கள், மக்காச்சோளக் கஞ்சி. நான்கு பேருக்கு அரை கப் மாசா மாவு, 4 கப் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, மூன்று நான்கு மேசைக்கரண்டி பொடித்த வெல்லம். அங்கே போடும் பிலோன்சியோவும் வெல்லம்தான். பத்துப் பேருக்கு இரண்டரை மடங்கு. மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பட்டையும் வெல்லமும் கொதிக்கும் மீதித் தண்ணீரில் மெல்ல ஊற்றி, 10 நிமிடமாவது விடாமல் கிளறவும். கொதிநீரில் மாவை நேரே கொட்டினால் உருண்டை உருண்டையாகிவிடும். கேக் கடைகளில் விற்கும் வெள்ளை கார்ன்ஃப்ளாரை வாங்கிவிடாதீர்கள், கஸ்டர்டு ஆகிவிடும். மாசா என்பது சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோளம். அது கிடைக்காமல் சாதா மக்காச்சோள மாவில் செய்தால் குடிக்க நன்றாகவே இருக்கும், அந்தச் சுண்ணாம்பு மணம் மட்டும் வராது. ஆறினால் இறுகும், பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர் இருக்கட்டும்.