சாயம் எட்டாத துணி

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கமுங்க. எந்த நோயும் இல்லாத வயதானவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை ஆராய்கிறார்கள் என்று படித்தேன். நன்றாக இருப்பவர்களுக்கு எதற்குங்க ஸ்கேன்? எங்கள் அப்பாருக்கு 76 வயது. தினமும் தோட்டத்துக்கு நடந்தே போய் வருகிறார். கொஞ்ச நாளாகப் பேர்கள் மறக்கின்றன. வீட்டில் கேட்டால் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். அவருக்கும் அந்த ஸ்கேனை எடுத்துப் பார்த்துவிடலாமா?

செ., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள செ.,

"வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொன்னார்கள் அல்லவா, அந்தப் பேச்சைச் சோதிக்கத்தான் அந்த ஆராய்ச்சியே. வயதால் வருவது எது, நோயால் வருவது எது என்று பிரிக்க வேண்டுமானால், நோயில்லாத முதியவரின் மூளை எப்படி இருக்கும் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

1885-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவ ஆராய்ச்சியாளர் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகளில் சாயம் பிடித்தது, மூளையில் பிடிக்கவில்லை. மூளைக்குச் சாயம் ஏறாது போலிருக்கிறது என்று எண்ணிவிட்டார். 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், மூளையைச் சூழ்ந்திருக்கும் நீரிலேயே சாயத்தைச் செலுத்தினார். இப்போது மூளை நீலமானது, உடம்பு தப்பியது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்: துணியில் குறையில்லை, சாயம் துணியை எட்டவில்லை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆக்சிஜனும் சர்க்கரையும் போகும், கண்டதும் போகாது. நீங்கள் படித்த தடுப்பு இதுதான்.

இந்தச் சுவர் கசிகிறதா என்று எப்படி அளப்பது? கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போட்டால் கசிவு நின்று கிணறு வற்றும் என்று நம் விவசாயிகள் போராடினார்களே, நினைவிருக்கும். தண்ணீர் திறந்த அன்றே கிணறு ஊறிவிடாது. மட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் எவ்வளவு ஊறியது என்று தெரியும். எம்.ஆர்.ஐ.யிலும் அப்படித்தான். கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி, ஒரே இடத்தைப் பல நிமிடங்கள் விடாமல் படமெடுத்து, ரத்தத்திலிருந்து திசுவுக்குள் எவ்வளவு இறங்கியது என்று கணக்கிடுகிறார்கள். வயலுக்கு நல்லது செய்யும் கசிவு மூளைக்கு ஆகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கல் என்னவென்றால், நலமாக இருப்பவரிடம் இந்தக் கசிவு அற்ப அளவுதான். தலை துளி அசைந்தாலும், இயந்திரத்தின் சிக்னல் கொஞ்சம் மாறினாலும் அதுவே கசிவு போலக் காட்டிவிடும். அசையாமல் கிடப்பது லேசான காரியமும் இல்லை. தலைசுற்றலுக்காக என் அம்மாவுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. மஞ்சக் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்ட பிறகுதான் உள்ளே போனார். வெளியே வந்து, "தறிக்குள்ள தலைய உட்டாப்ல இருந்துச்சு சாமி" என்றார். சோமனூர்த் தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தனக்கு ஒரு பலனும் இல்லாத ஆராய்ச்சிக்காக அந்தச் சத்தத்துக்குள் அசையாமல் படுக்கும் முதியவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அவர்கள் படுத்ததற்குப் பலன் கிடைத்திருக்கிறது. 2015-ல் பெரிஸ்லாவ் ஸ்லோகோவிச் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் குழு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் வயது ஏற ஏறக் கசிவு கூடுவதைக் காட்டியது. லேசான மறதி நோய் உள்ளவர்களிடம் அது இன்னும் அதிகம்.

ஆனால் அப்பாருக்கு இந்த ஸ்கேன் வேண்டாம். பல பேரின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதில் பொருள் கிடைக்கும். ஒருவருடைய எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது. கடோலினியம் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சில வகைகள் கடும் தோல் இறுக்க நோயைத் தந்திருக்கின்றன. அதனால்தான், ரத்தத்தில் உள்ள நீரையே கழுத்தருகே காந்தத்தால் அடையாளமிட்டுப் பின்தொடரும் ஊசியில்லாத முறைகளிலும் இப்போது உழைக்கிறார்கள். என்றாவது யாராவது அப்பாரை ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால், ஊசி உண்டா, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா, நடுவில் வேண்டாமென்றால் எழுந்து வரலாமா என்று கேட்டுவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள்.

இப்போதைக்கு அவரை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் வரும் மறதியைச் சரிசெய்ய வழியுண்டு, சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும். பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள், அவை நுண்குழாய்களைக் கெடுப்பவை. பேர் மறப்பது ஒரு வகை, தோட்டத்துக்குப் போகும் வழி மறப்பது வேறு வகை. எது, எப்போதிருந்து என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்பாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.