மாத்திரை அட்டையும் நாட்காட்டித் தாளும்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். இளையவனுக்கு இரண்டு வயது. நான்கு மாதமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். குழாயடியில் குடம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே அழுதுவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கண்பட்டுவிட்டது என்று மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறார். டாக்டரோ, "மாத்திரைக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்துவிட்டார். எல்லாம் என் கற்பனையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சம்பந்தம் இருக்கலாம். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்கள் மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கியது மற்றவர்களைவிடச் சற்று அதிகம்; பதின்வயதினரிடம் இன்னும் அதிகம். மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மை. அந்தப் பெரும்பாலானவர்களில் நீங்கள் இல்லையென்றால்?

வண்ணாரப்பேட்டையில் குடியிருந்தபோது நானும் இதே மாத்திரை சாப்பிட்டேன். அட்டையில் 28 இருக்கும். 21இல் ஹார்மோன், நிறம் மாறிய கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. அந்த 7 நாள் மட்டும் வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள்! சிலருக்கு நேர்மாறாக அந்த நாட்களில்தான் மனம் மோசமாகும். நாட்காட்டித் தாளைக் கிழித்ததும் எறியாமல், அதன் பின்பக்கம் அன்று அழுதீர்களா, தூங்கினீர்களா, எத்தனையாவது மாத்திரை என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மாதத் தாளோடு வேறொரு டாக்டரிடம் போங்கள். தைராய்டு, ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தாங்க முடியவில்லையென்றால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். ஆனால் மாற்று ஏற்பாடில்லாமல் மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கலாம். கருப்பையில் வைக்கும் காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் தரும் சாயா என்ற கருத்தடை மாத்திரையிலும் கிடையாது. அந்தரா என்ற ஹார்மோன் கருத்தடை ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. மூன்று மாதம் உடலில் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் மாமியார் வருகிறார், டாக்டர் வருகிறார். கணவர் ஒரு வரியில்கூட வரவில்லை. ஆணுறை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையோ பெண்களுக்கானதைவிட எளியது. கேட்டுப் பாருங்கள்.

உயிரை விடத் தோன்றினால் அந்த நிமிடமே அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இரவானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அன்புடன்,
அக்கா