பழைய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்ட பிறகு ரெக்கவரி பார்ட்டிஷனைக் காணோம், என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி போட்டாயிற்று. கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு எக்ஸ்டர்னலாக வைத்திருக்கிறீர்கள். பழைய சி, டி இரண்டும் தெரிகின்றன, வின்டோஸைப் பழுதுபார்க்கவோ திரும்ப ஏற்றவோ உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) மட்டும் தெரியவில்லை. ரெக்கவரியைத் திறக்கும் எஃப்11 கீயை அழுத்தினாலும் ஒன்றும் வரவில்லை. எஸ்எஸ்டி போட்ட கடைக்காரர் அழித்துவிட்டாரோ என்று சந்தேகம்.

பெரும்பாலும் அப்படி இருக்காது. லேப்டாப் சர்வீஸ்தான் என் பிழைப்பு, இதே சந்தேகத்தோடு டிஸ்க்கைக் கொண்டுவருபவர்கள் அதிகம். அநேகமாக எல்லாவற்றிலும் பார்ட்டிஷன் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்றே ஒன்று, நிலைமை என்ன என்று தெரியும்வரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். 'ஃபார்மட் செய்யவா?', 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று வின்டோஸ் எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்தான்.

'திஸ் பிசி'யில் அது தெரியாமல் இருப்பதுதான் சரி. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு வகைக் குறியீடு உண்டு. ரெக்கவரி வகை என்று குறித்திருந்தால் வின்டோஸ் அதற்கு டிரைவ் எழுத்தே கொடுக்காது. கொடுத்தால் அதிலும் நாம் கல்யாண வீடியோவைப் போட்டு நிரப்பிவிடுவோம் என்பதால்தான்.

வின்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து கீழ்ப்பாதியைப் பாருங்கள். பழைய டிஸ்க்கின் வரிசையில் 100 அல்லது 260 எம்பிக்கு ஒரு இஎஃப்ஐ (பூட் ஆக உதவும் பகுதி) கட்டம், பிறகு சி, டி, அதன் பின்னால் 500 எம்பியிலிருந்து 1 ஜிபிக்குள் 'ரெக்கவரி பார்ட்டிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கலாம். லேப்டாப் கம்பெனியே வைத்துத் தந்தது என்றால் 10 முதல் 20 ஜிபி வரை இன்னொன்றும் இருக்கும். வரிசை மாறியிருக்கலாம், அது பிரச்சினை இல்லை. அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டும்தான் வரும், மற்றதெல்லாம் மங்கி இருக்கும். அதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, கட்டளை அடித்து இயக்கும் வின்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட் வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் டிஸ்க். 1 டிபி டிஸ்க் அங்கே 931 ஜிபி என்று காட்டும். 238, 476 என்று காட்டுவது உங்கள் எஸ்எஸ்டி, அதைத் தொடாதீர்கள். பழைய டிஸ்க்கின் எண்ணோடு செலக்ட் டிஸ்க் கொடுத்த பிறகு லிஸ்ட் பார்ட்டிஷன் போட்டால் வகை என்ற இடத்தில் 'ரெக்கவரி' என்று வரும். அதைச் செலக்ட் செய்து, அசைன் லெட்டர் (assign letter=R) கட்டளையால் ஆர் என்ற எழுத்தைக் கொடுங்கள். பார்த்து முடித்ததும் ரிமூவ் கட்டளையால் அந்த எழுத்தை எடுத்துவிடலாம். இதே டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' என்று ஒரு கட்டளை உண்டு. அது கேள்வியே கேட்காமல் பார்ட்டிஷன் டேபிளைத் துடைத்துவிடும். யூடியூப் வீடியோவைப் பார்த்து அதை அடித்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எழுத்து கொடுத்துத் திறந்தால் காலியாகத் தெரியும். இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். உள்ளே உள்ள ஃபோல்டர் மறைக்கப்பட்டது மட்டுமல்ல, சிஸ்டம் ஃபைல் என்றும் குறிக்கப்பட்டது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்வது போதாது. 'புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுக்க வேண்டும். எடுத்தால் ரெக்கவரி என்ற ஃபோல்டர், அதற்குள் வின்டோஸ்ஆர்இ, அதற்குள் வின்ஆர்இ டாட் விம் என்று சில நூறு எம்பியில் ஒரு ஃபைல் கிடைக்கும். அதுதான் வின்டோஸின் ரெக்கவரி கருவி, அது இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

எஃப்11 வராததற்கும் கடைக்காரருக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கீ லேப்டாப்பின் உள்ளே இருக்கும் டிஸ்க்கில் பதிவான ரெக்கவரியைத்தான் தேடும், யூஎஸ்பியில் தொங்குவதைத் தேடாது. எஸ்எஸ்டியில் ரெக்கவரி இருக்கிறதா என்று அறிய, அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் இன்ஃபோ (reagentc /info) கட்டளையைக் கொடுங்கள். 'எனேபிள்டு' என்று வந்தால் புது எஸ்எஸ்டியிலேயே ரிப்பேர் வசதி இருக்கிறது, பழையதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு நிலைமை: டிஸ்க் முழுவதுமே 'ஆஃப்லைன்' என்று காட்டுவது. பழையதை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (முழு நகல்) செய்திருந்தால் இரண்டிலும் ஒரே டிஸ்க் சிக்னேச்சர், அதாவது டிஸ்க்கின் அடையாள எண், இருக்கும், அதனால் வின்டோஸ் ஒன்றை ஓரமாக வைத்துவிடும். ரைட் கிளிக் செய்து ஆன்லைன் ஆக்கினால் வந்துவிடும். ஆனால் அப்படிச் செய்யும்போது சிக்னேச்சர் மாறும். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் உள்ள டிஸ்க் என்றால், பிறகு அதையே லேப்டாப்பில் திரும்ப மாட்டும்போது பூட் ஆகாமல் நிற்கலாம்.

'இனிஷியலைஸ்' என்று கேட்டால் முதலில் கேஸையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லியாம்ப்தான், சில 2.5 இஞ்ச் டிஸ்க்குகளுக்கு அது போதாது, டிக் டிக் என்று சத்தம் வரும். 3, 4 டிபி டிஸ்க்குகளில் வேறு சிக்கல் உண்டு. சில கேஸ்கள் 512 பைட் செக்டரை (டிஸ்க்கில் டேட்டாவை வைக்கும் சிறு கூறு) 4096 என்று மாற்றிக் காட்டும். அந்தக் கேஸில் ஃபார்மட் செய்ததை வேறு கேஸில் போட்டால் பார்ட்டிஷன் ஒன்றுமே தெரியாது. டேட்டா உயிரோடுதான் இருக்கும், பழைய கேஸுக்கே திரும்பினால் வந்துவிடும்.

சத்தமும் வருகிறது, கேஸ் மாற்றினாலும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கே போகிறது என்று அர்த்தம். ரெக்கவரியை மறந்துவிட்டுப் போட்டோக்களை முதலில் காப்பி செய்யுங்கள்.

உண்மையிலேயே அழிந்திருந்தால் அந்த இடம் கறுப்புப் பட்டையாக 'அன்அலொகேட்டட்' என்று தெரியும். டி டிரைவ் முன்பைவிடப் பெரிதாகியிருந்தால் அதை விழுங்கிவிட்டது என்று பொருள். கறுப்புப் பட்டை என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளில் அனலைஸ், குவிக் சர்ச் கொடுங்கள். கண்டுபிடித்த பார்ட்டிஷன் மேல் நின்று பி அழுத்தினால் உள்ளே உள்ள ஃபைல்களைக் காட்டும். பெயர்கள் ஒழுங்காக வந்தால்தான், பார்ட்டிஷனை டிஸ்க்கில் திரும்ப எழுதும் 'ரைட்' (Write) கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்டால், எனக்குத் தேவையில்லை என்றே படுகிறது. கம்பெனி ரெக்கவரியில் இருப்பது லேப்டாப் வாங்கிய நாளின் பழைய வின்டோஸும், காலாவதியான ஆன்டிவைரஸ் ட்ரயலும். அது வின்டோஸ் 10 என்றால் மைக்ரோசாஃப்ட் வழக்கமான அப்டேட்டை 2025 அக்டோபர் 14 அன்றே நிறுத்திவிட்டது. வின்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வின்டோஸோடு வந்த லேப்டாப்புகளில் லைசன்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் வின்டோஸ் ஏற்றிப் போட்டால், நம் ஊர் லேப்டாப்புகளில் வழக்கமாக வரும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற வின்டோஸ் பதிப்பை அதுவே தேர்ந்தெடுத்து ஆக்டிவேட்டும் ஆகிவிடும். கம்பெனி டிரைவர்கள், மென்பொருளோடு அப்படியே வேண்டும் என்றால் எச்பி, டெல், லெனோவா மூன்றும் ரெக்கவரி இமேஜைத் தங்கள் தளத்திலிருந்தே பென்டிரைவுக்கு இறக்கித் தருகின்றன.

எஸ்எஸ்டியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, பழைய டிஸ்க்கை முழுக்க ஸ்டோரேஜாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால், ரெக்கவரி கட்டத்தை டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது. டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனைச் செலக்ட் செய்து டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு கொடுங்கள். கொடுப்பதற்கு முன் 931 ஜிபி டிஸ்க்தானா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.